நெத்திப்பாறையில் அடுக்கிய மூன்று கல்

நான் மலை ஏறியதெல்லாம் பயத்தினால்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வார விடுமுறை தவறாமல் மலைக்குப் போய்வந்தவன் என்றால் நெஞ்சுரம் உள்ளவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சும்மா இருந்தால் எதற்கென்று தெரியாத ஒரு பயம் கூடவே உட்கார்ந்திருக்கும். மலையில் அப்படி இல்லை. அங்கே பாம்பு இருக்கிறது, பாசி பிடித்த பாறை இருக்கிறது, பெயர் சொல்லாமல் 'பெரியவர்' என்று நாங்கள் சொல்லும் யானை இருக்கிறது. பயத்துக்கான காரணம் கண்ணெதிரே இருந்ததால் எனக்கு அங்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே பயத்தால்தான். வறுமையால் விட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் கௌரவம். ஆனால் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. எட்டாம் வகுப்பில் ஒருநாள் கணக்கு வாத்தியார் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். எழுந்தேன். நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். மறுநாள் பள்ளிக்கூட வாசல்வரை போனேன், உள்ளே போகவில்லை. அதற்கு மறுநாள் வாசல்வரையும் போகவில்லை. அப்பா ஒரு வாரம் அடித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நாலைந்து வருடம் அங்கே இங்கே கடைகளில் நின்றேன். வயது வந்ததும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை, நடுவில் டவுன் பஸ்.

பயந்தவனுக்குக் காது கூர்மை. மில்லில் அது எனக்கு உதவியது. ஒரு மெஷினில் நூலைச் சுற்றுகிற நானூறு ஸ்பிண்டில் ஓடும். அதில் ஒன்று மட்டும் தொண்டை கட்டினாற்போல் முனகினால், பாதை நடுவில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டிவிடுவேன். கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அப்படித்தான் என்னை ஃபிட்டர் ஆக்கினார்கள். எல்லோரும் திறமை என்றார்கள். எந்த நேரமும் என்னமோ உடையப்போகிறது என்று காத்துக்கிடக்கிறவன் காது அது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

என்கூட மலைக்கு வந்தவன் அதே டிபார்ட்மெண்டில் இன்னொரு ஃபிட்டர். ராஜபாளையத்துக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், நல்ல ஆகிருதி. எங்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரே நாள் லீவு. காலை முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். மாந்தோப்புகளுக்கு நடுவே நடந்து, ஆற்றங்கரையில் ஐயனார் கோவில் வரும் முன்பே இந்தக் கரையில் மேலேறிவிடுவோம். செருப்புக் காலோடு கோவிலடிக்குப் போகக்கூடாது என்பதால் அப்படி.

என் பையில் எப்போதும் தண்ணீர், இரண்டு தீப்பெட்டி, பாம்பு கடித்தால் கட்டுவதற்குக் கயிறு, பிளேடு, ஒரு துண்டு, ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் அளவு சோறு எல்லாம் இருக்கும். அவன் கையை வீசிக்கொண்டு வருவான். வழி பிரிகிற இடத்திலெல்லாம் நான் குனிந்து, போகவேண்டிய பக்கமாக மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பேன். அடியில் தட்டையான கல், நடுவில் சின்னது, மேலே பெரியது. நடுக்கல் சின்னதாக இருந்தால் தானாக அமைந்த கல் இல்லை, ஆள் வைத்தது என்று தூரத்திலேயே தெரியும்.

"ஏலே, இந்த மலையில நமக்கு முன்னால எம்புட்டுப் பேரு ஏறியிருப்பான். ஒருத்தனாவது கல்லு அடுக்கிக்கிட்டா போனான்?"

"அவன்லாம் திரும்பி வந்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"எந்துகுரா இந்தப் பயம்?" என்று சிரிப்பான். கேலி செய்யும்போது மட்டும் அவனுக்குத் தெலுங்கு வந்துவிடும்.

நாங்கள் போவது நெத்திப்பாறை வரைக்கும். மில் வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலையின் முகத்தில் மொட்டையாக ஒரு பாறை தெரியும், அதுதான். மூன்றரை மணி நேர ஏற்றம். அங்கே உட்கார்ந்தால் கண்மாய்கள், மில்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள், தென்காசி ரோட்டில் ஊர்கிற பஸ்கள், வலது கையை நீட்டினால் செட்டியார்பட்டி, சேத்தூர்ப் பக்கம், இடது பக்கம் வெகுதூரத்தில் எங்கள் ஊர்க் கோபுரம் எல்லாம் தெரியும். மதியம் மில் சங்கு ஊதுவது அங்கே மெல்லிசாகக் கேட்கும். கீழே இருக்கும்போது என்னை ஓடவைக்கிற அந்தச் சங்கு, அவ்வளவு உயரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். அதற்காகவே ஏறலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தன. சுவிட்சர்லாந்து மெஷின். அதைப் பொருத்திக் கொடுக்க அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து நாலு மாதம் மில் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். ஐம்பது வயது தாண்டியவர், வெயிலில் சிவந்துபோன பிடரி, அதிகம் பேசாதவர். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதால் என்னுடைய ஓட்டை ஆங்கிலம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வந்த இரண்டாம் வாரம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒன்னத்தான். வெள்ளைக்காரருக்கு அந்த மலையப் பாக்கணுமாம். நீதான் வாராவாரம் கழுதை கணக்கா ஏறி எறங்குதியே, கூட்டிட்டுப் போ. அவரு மேல ஒரு கீறல் விழுந்துச்சு, ஒன் தோலை உரிச்சிருவேன்."

அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் மலையில் அவரோடு நடந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அவர் என்னைவிட மெதுவாக நடந்தார். கால் வைக்கும் முன்பு பாறையைப் பார்த்தார். பையில் கட்டுத்துணி, கயிறு, இரண்டு தீப்பெட்டி. என் கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, சீமையிலயும் ஒன்ன மாரி ஒருத்தன் இருக்கான்லே" என்றான்.

முதல் பிரிவில் நான் குனிந்து கல் அடுக்கியதும் வெள்ளைக்காரர் நின்றுவிட்டார். கல்லைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "சேம், சேம்" என்றார். அவர் ஊரிலும் அப்படித்தானாம். கல்லின்மேல் கல் இருந்தால் அதுதான் வழி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மில்லில் நான் பார்த்ததே இல்லை.

நெத்திப்பாறையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த படத்தை எடுத்து விரித்தார். அவருடைய ஊர். மலை உச்சிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், சுற்றுலாக்காரர்கள் வருகிற இடம். ஊரிலிருந்து ஒவ்வொரு உச்சிக்கும் சிவப்புக் கோடு. ஒவ்வொரு பிரிவிலும் மஞ்சள் பலகை நட்டிருப்பார்களாம். பலகையில் உச்சியின் பெயர், பக்கத்திலேயே நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஒரு மணி பத்து நிமிடம். இரண்டு மணி நாற்பது நிமிடம். போய்ச் சேர்ந்தால் உட்கார்ந்து பார்க்க ஒரு பெஞ்சு.

நான் மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். நிமிடக் கணக்கில் எழுதியிருக்குமா? எழுதியிருக்கும். சரியாக இருக்குமா? சரியாக இருக்கும். மழைக்காலத்தில்? அவர் சிரித்தார்.

இது மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என் கூட்டாளி கொட்டாவி விட்டான். நான் அந்தப் படத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், போய்ச் சேருவேனா? யாரிடம் கேட்டாலும் என்மேல் எரிந்து விழுந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு ஊரே பலகை எழுதி நட்டு வைத்திருக்கிறது. அந்தப் பலகை ஒன்றின் முன்னால் ஒரு தடவை நின்று படித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. எனக்கு வந்த ஒரே பெரிய ஆசை.

அதற்கு வழியும் வந்தது. மெஷினோடு சேர்ந்த ஒப்பந்தத்தில், மில்லிலிருந்து ஒரு ஃபிட்டரை மூன்று மாதம் அந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்சாலையில் வைத்துப் பழக்குவார்கள் என்று இருந்தது. வெள்ளைக்காரர் என் காதைத் தொட்டுக் காட்டி மேனேஜரிடம், "ஹீ கம்ஸ்" என்றார். மேனேஜர் என் முன்னாலேயே, "எட்டாங் கிளாஸ் ஃபெயில் சார்" என்றார். ஃபெயில்கூட இல்லை, பரீட்சையே எழுதவில்லை என்று நான் திருத்தவில்லை. "ஸ்கூல் நாட் ஹியர் ஸ்பிண்டில்" என்றார் வெள்ளைக்காரர். பள்ளிக்கூடத்துக்கு ஸ்பிண்டில் சத்தம் கேட்காதாம். எனக்காக ஒருவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முதலில் கேட்டது, "தனியா கப்பல்லயா போறிய?" என்று. பிளேன் என்றேன். நாங்கள் குடியிருந்தது ஐந்து குடித்தனங்கள் ஒரே வாசலில் இருக்கும் வளவு. வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பாள். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். அந்தப் பூட்டைப் பார்த்துப் பார்த்து என் மனைவிக்குச் சொந்த வீடு தவிர வேறு நினைப்பில்லை.

"நல்ல நேரம் வருது. நீங்கதான் வாரா வாரம் மலைக்குப் போறியளே, நமக்காக நாலு கல்லு அடுக்கிட்டு வாங்க" என்றாள்.

மலைக்கோவில்களில் அந்த வழக்கம் உண்டு. சொந்த வீடு வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கல்லின்மேல் கல் அடுக்கிவிட்டு வருவார்கள். ஐயனார் கோவில் பக்கத்திலும் அப்படி நிறைய நிற்கும். எங்கள் வழி அந்தப் பக்கம் போகாததால் வெள்ளைக்காரர் அவற்றைப் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

"கோவிலடியிலேயே வச்சிருதேன்" என்றேன்.

"அங்க ஆயிரம் பேரு அடுக்கியிருக்கான். அதுல நம்மது எது, அடுத்தவுக எதுன்னு சாமிக்கு எப்பிடித் தெரியும்? மேல வையுங்க. ஒருத்தரும் போகாத எடத்துல, நம்ம ஊரு தெரியுத மாரி."

நெத்திப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் வழி இரண்டாகும். பாறைக்கு இடது பக்கம் போகவேண்டும். வலது பக்கம் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் சரிந்து இறங்குகிற ஒரு விளிம்பு. எங்கள் ஊர்க் கோபுரம் நன்றாகத் தெரிவது அந்த விளிம்பிலிருந்துதான். அடுத்த வாரம் அங்கே போய் மூன்று கல் அடுக்கினேன். அடியில் தட்டை, நடுவில் சின்னது, மேலே பெரியது. கை அப்படித்தான் பழகியிருந்தது. வழிக்கு வைக்கிறேனா வீட்டுக்கு வைக்கிறேனா என்று கைக்குத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். நூறு விஷயத்துக்குக் கவலைப்படுகிறவன், அந்த ஒரு கல்லைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

வெள்ளைக்காரர் ஊருக்குப் புறப்படும் முன் கடைசியாக ஒரு தடவை ஏறவேண்டும் என்றார். ஐப்பசி மாதம். முந்தின நாள் மழை. நான் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. பயிற்சிக்குக் கூட்டிப்போகிறவரிடம் எத்தனை தடவைதான் வேண்டாம் என்பது?

மூன்று பேரும் போனோம். நடுவழியில் ஓடைக்கரையில் என் கூட்டாளி சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டான். குடித்து முடித்ததும் தீயில் தண்ணீரை ஊற்றினான். ஊற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். புஸ்ஸென்று அணைந்த சத்தத்தையும் கேட்டேன். அரை மணி நேரம் ஏறியபின், அது அணையாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அவ்வளவுதான்.

"நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

"ஏலே, மழை பெஞ்சு மலையே நனைஞ்சு கெடக்கு. நான்தான ஊத்துனேன்?"

"செத்த நேரந்தான். ஓடிப்போயி ஓடி வந்துருதேன்."

"ஒன்ன அந்த ஊருக்கு அனுப்புனா, ஏரோப்ளேன நிப்பாட்டி வீட்டுக் கதவப் பூட்டுனமான்னு பாக்க எறங்குவ" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு மரத்தடியில் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்துவிட்டான். மேலே மஞ்சு, வெள்ளை மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூடிக்கொள்வதற்குள் தான் மேலே போவதாகச் சைகை செய்தார்.

நான்தான் சொன்னேன். "கோ. ஸ்லோ. ஸ்டோன், ஸ்டோன், வே. ஐ கம்."

"யெஸ். ஸ்டோன்" என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

ஓடைக்கு ஓடினேன். சாம்பல் கூழாகக் கிடந்தது. கையை விட்டுத் துழாவினேன். ஜில்லென்று இருந்தது. அந்தச் சாம்பல் கையோடு நான் திரும்பி ஏறிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் அவருடைய சத்தம். பிறகு என் கூட்டாளி என்னைக் கூப்பிடுகிற சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த விளிம்புக்குக் கீழே, ஒரு மாடி ஆழத்தில், ஒரு திட்டில் அவர் கிடந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது பாதம் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. என் கூட்டாளி வேரைப் பிடித்து அவரிடம் இறங்கிக்கொண்டிருந்தான். விளிம்பில் என் வீட்டுக் கல் மூன்றும் அசையாமல் நின்றன. பிரிவில் நின்று திரும்பிப் பார்த்தேன். இடது பக்கத்துக் கல்லை மஞ்சு மூடியிருந்தது. வலது பக்கம் இது மட்டும்தான் தெரிந்தது. நடுக்கல் சின்னதாக, ஆள் வைத்த கல் என்று தூரத்திலேயே தெரிகிற மாதிரி.

என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். விளிம்புக்குத் திரும்பிப் போய்க் காலால் அதைத் தட்டிவிட்டேன்.

கற்கள் உருண்டு அவர்களைத் தாண்டிக் கீழே போயின. "ஏலே, பாத்து! கல்லு உருளுது!" என்று கத்தினான் கூட்டாளி. "கால் பட்ருச்சு" என்றேன். அவன் நிமிரவில்லை. மல்லாந்து கிடந்த வெள்ளைக்காரர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது, கண் தெளிவாக இருந்தது.

அவரை என் கூட்டாளிதான் உப்புமூட்டையாக முதுகில் தூக்கி இறக்கினான். நான் முன்னால் முள்ளை விலக்கிக்கொண்டு, பையிலிருந்த கயிறு, துண்டு எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் சுமந்த சாமான்கள் அன்றுதான் உதவின. பொழுது சாய்வதற்குள் தோப்புக்கு வந்துவிட்டோம். மில் ஜீப் வந்தது. மேஸ்திரி வந்தார், வனத்துறைக் காவலர் ஒருவரும் வந்தார்.

ஜீப்பில் ஏற்றும்போது வெள்ளைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்டோன். ஹூ?" என்றார். கல்லை வைத்தது யார் என்றுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"லேடீஸ்" என்றேன். "ஃபயர்வுட் லேடீஸ்."

பிடித்த கையை விட்டார். "ஓகே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் என்னை நம்பவில்லை. மேஸ்திரி நம்பினார், காவலரும் நம்பினார். விறகு பொறுக்கப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். வேண்டுதல் என்று நாலு இடத்தில் கல் அடுக்கியும் இருப்பார்கள். அதுவரை காவலர்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். அந்த வாரமே காவலர் போய் வழியிலிருந்த அடுக்குகளை எல்லாம் உதைத்துத் தள்ளினார், நான் வழிக்கு வைத்தவற்றையும் சேர்த்து. பெண்களுக்கு அந்தப் பாதை அடைக்கப்பட்டது. அவர்கள் கிழக்கே சுற்றி, செங்குத்தான வேறு வழியாகத் தலைச்சுமையோடு இறங்க வேண்டியதாயிற்று.

அவர் விழுந்த அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் கையிலிருந்த சிராய்ப்பைப் பார்த்தாள், எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியாக, "நம்ம கல்லு?" என்றாள்.

"அங்கதான் நிக்கு" என்றேன்.

பத்து நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். வெள்ளைக்காரர் கால்கட்டோடு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போய்விட்டார் என்று தெரியும். பயிற்சி போச்சு, வேலையும் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

"என்னப்பா, அந்த மனுசனுக்கு ஒன் மேல என்ன அம்புட்டுப் பிரியம்? லெட்டர் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. நீதான் வரணும்ங்காரு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மில்லில் எல்லோருக்கும் தெரிந்தது, வெள்ளைக்காரரை விழவிட்டதால் என்னைக் கழற்றிவிட்டு என் கூட்டாளியை அனுப்பினார்கள் என்பதுதான். என் மனைவிக்கும் அதுதான் தெரியும். எட்டாங் கிளாஸ் என்பதால் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவள் மேனேஜரைச் சபித்தபோது நானும் தலையாட்டினேன். ஆனால் நடந்தது அதுவல்ல. என்னைத்தான் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றபோது அந்த ஊர் தெரிந்தது, மஞ்சள் பலகை தெரிந்தது, பலகைக்குப் பக்கத்தில் கோலூன்றி நின்று என்னைப் பார்க்கிற அவரும் தெரிந்தார். அங்கே மூன்று மாதம் தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

"எனக்கு ஒடம்புக்கு முடியல சார். அவனே போகட்டும். தூக்கிட்டு வந்தவன் அவன்தான்" என்றேன்.

மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி. "அதுவும் சரிதான்" என்றார். வெளியே வந்து கழிப்பறைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன், எட்டாம் வகுப்பில் எடுத்த மாதிரியே.

கூட்டாளி போனான். அவன் போயிருந்த நாட்களில் ஒருநாள் தோப்புப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முகம் தெரிந்த ஒரு விறகுக்காரப் பெண் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் மலையில் எங்களைப் பார்த்தால், "என்ன, பெரியவரு எதுவும் நிக்காரா மேல?" என்று கேட்டுவிட்டுப் போகிறவள்.

"இப்பம்லாம் மலைக்கு வாரதில்லையோ, அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"நீங்களாது தப்பிச்சிய. எங்களுக்குத்தான் சுத்து வழி. எங்க கல்லுன்னு எவனோ சொல்லிப்போட்டான். நாங்க அந்த வெளும்புக்குப் போயி எதுக்குக் கல்லு வைக்கோம், சொல்லுங்க? அங்க நின்னா எங்க ஊரு தெரியாதே. சொன்னவன் நாக்கு அழுகிப் போவும்."

பஸ் வந்தது. என் பஸ் இல்லை. இருந்தும் ஏறிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து என் கூட்டாளி கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் பெருத்துத் திரும்பி வந்தான். எங்கள் வீட்டுக்கு வந்து, குழல் மாதிரிச் சுருட்டிய ஒரு காலண்டரை நீட்டினான். மலைப்படம் போட்டது. என் மனைவி காப்பி போட உள்ளே போனாள்.

"மலை எப்பிடி இருந்துச்சு?" என்றேன்.

"அடேயப்பா, அந்தக் குளிரு! ரூமு சன்னல்லருந்தே எல்லாம் தெரியும் மாப்ள. காலையில எந்திரிச்சாப் பல்லு கிட்டிப்போவும். சோறும் மொளகுத் தண்ணியும் வச்சுக் குடிச்சே மூணு மாசத்த ஓட்டிட்டேன்."

"ஏறலையா?"

"ஒரு ஞாயித்துக்கெழமை அவரு கூட்டிட்டுப் போனாரு. உச்சி வரைக்கும் ரயிலு போவுதுல்லா. கோலு ஊனிக்கிட்டுதான் நடக்காரு பாவம். அவரு எறங்கி நடந்துட்டு வந்தாரு, நான் பெட்டியிலயே உக்காந்துக்கிட்டேன். நமக்கு என்னத்துக்கு வம்பு?"

"என்னயக் கேட்டாரா?"

"நான் போன அன்னைக்கே கேட்டாரு, நீ ஏன் வரலன்னு. நான் பயம்னு சொன்னேன். அவரு தன் காதத் தொட்டுக் காட்டுனாரு. பொறவு, நல்ல காதுன்னாரு. அம்புட்டுத்தான்."

நான் கேட்க நினைத்ததைக் கடைசியாகக் கேட்டேன். "அந்த மஞ்ச பலகை? அதுல அந்த உச்சிக்கு நடந்தா எம்புட்டு நேரம்னு போட்டிருந்துச்சு?"

"பலகையா?" அவன் நெற்றியைச் சொறிந்தான். "பாக்கலியே மாப்ள. அதயெல்லாம் யாருலே பாத்தா?"

காலண்டரின் வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. நாங்களும் அந்த வளவை விட்டு வேறொரு வாடகை வீட்டுக்கு, பிறகு இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறிவிட்டோம். தேதிகளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அந்தப் படத்தின் அடியோரத்தில், பாதை பிரிகிற இடத்தில், நகக்கண் அளவில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. துணியில் இழை எண்ணுவதற்கென்று மில்லில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி உண்டு. ஒருநாள் அதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பலகை பெரிதாகத் தெரியவில்லை, மஞ்சளும் கறுப்புமான புள்ளிகளாகச் சிதறிப்போனது. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

என் மனைவி பின்னால் வந்து நின்று, "அதுல என்னத்தத் தேடுதிய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"நம்ம கல்லுக்கு இன்னும் பலன் வரலியே" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இப்போதும் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், நெத்திப்பாறையைக் கை காட்டி, மேலே எங்கள் கல் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இதையும் படிப்பாள். எவ்வளவு நாள் ஆகும் என்றுதான் தெரியவில்லை.